தொண்ணூறு நாள் தண்ணீர்

நீங்கள் அந்த இடத்தை நேரில் பார்க்கப் போவதானால் காலை லாஞ்சுப் படகில் போங்கள். மத்தியானத்துக்குப் பிறகு கொட்டியாரக் குடாவில் காற்று எழும்பிவிடும்; மூதூரில் இறங்கும்போது உடுப்பெல்லாம் உப்பாகியிருக்கும். இறங்குதுறைக்கு எதிரே இருக்கும் கடையில் அப்பம் நன்றாக இருக்கும். அங்கிருந்து வெருகல் பக்கமாக ஜீப்பில் ஒன்றரை மணித்தியாலம். தார் ரோட்டு முடிந்து, கிரவல் பாதையும் முடிகிற இடத்தில் ஒரு பலகை நிற்கும். "நிலத்தடி நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் (தற்காலிகம்)" என்று எழுதியிருக்கும். எழுதியவன் நான்தான். வருடத்துக்கு ஒரு முறை வர்ணம் வெளிறிவிடும். ஏணி வைத்து ஏறித் திரும்பவும் எழுதுவேன். அடைப்புக்குறிக்குள் இருக்கும் சொல்லுக்கு மட்டும் சிவப்பு.

என் பெயர் பற்றிக். வயது ஐம்பத்திரண்டு. குடாவுக்கு இந்தப் பக்கம், ஓர்ஸ் ஹில்லில் வீடு. மனைவி ஐவி, பிள்ளைகள் இல்லை. பத்தொன்பதாவது வயதில், துறைமுகம் வெள்ளைக்காரர் கையில் இருந்தபோது, கப்பல்களுக்கு ஏற்றுகிற குடிதண்ணீரைச் சோதிக்கும் கூடத்தில் உதவியாளனாகச் சேர்ந்தேன். அவர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போகும்வரை ஒன்பது வருடம் அங்கே இருந்தேன். அந்த ஒன்பது வருடத்தில் என் தண்ணீரால் ஒரு மாலுமிக்கும் வயிற்றால் போனதில்லை. உங்கள் கோப்பின் முதல் பக்கத்தில் என் பெயருக்கு நேரே "கவனக்குறைவு" என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். என்னைப் பற்றி யாரும் இதுவரை அப்படி எழுதியதில்லை. அதனால்தான் நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்கிறேன். நான் செய்தவை எல்லாவற்றையும் மிகவும் கவனமாகத்தான் செய்தேன்.

அந்த இடம் முன்பு ஒரு செம்புச் சுரங்கம். மூன்று வருடம் தோண்டிவிட்டு, எதிர்பார்த்த அளவு செம்பு இல்லையென்று கம்பனி எழுபத்தாறில் வேலையை நிறுத்தியது. பம்புகளை நிறுத்தியதும் குழியில் தண்ணீர் ஏறியது. செம்புக்கல்லில் காற்றும் தண்ணீரும் பட்டால் அது மோர் மாதிரிப் புளிக்கத் தொடங்கும். அந்தப் புளிப்பு நிலத்துக்குள்ளால் மெல்ல நகர்ந்து, அரை மைலுக்கு அப்பாலிருந்த விளாத்திச்சேனைக் கிராமத்துக் கிணறுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. நாற்பத்துமூன்று குடும்பங்கள். முதல் இரண்டு கிழமை அவர்களுக்குச் சந்தோஷம்தான். வெள்ளை வேட்டிக்கு நீலம் போடத் தேவையில்லாமல் போய்விட்டது. பிறகு கிணற்றடி வாழைகள் கருகின. ஒரு பசு செத்தது. அதற்குப் பிறகுதான் முறைப்பாடு எழுதினார்கள்.

அரசாங்கத்திலிருந்து பரிசோதகர் ஸைனுலாப்தீன் வந்தார். நேர்மையான மனிதர், படிவத்தை முதலாம் பந்தியிலிருந்து கடைசிப் பந்திவரை வாசிக்கிறவர். கம்பனி அந்தப் புளித்த நிலத்தடி நீரைப் பம்பில் இறைத்து, சுத்திகரித்து, கிராமத்துக்குக் குழாயில் கொடுக்க வேண்டும். குழியை நிரந்தரமாக அடைக்கும்வரை இது தற்காலிக ஏற்பாடு. அனுமதி தொண்ணூறு நாளுக்கு மட்டும் என்று எழுதினார். கம்பனியின் முகாமையாளர் கனகரத்தினம் என்னை வேலைக்கு எடுத்தார்.

"மூண்டே மூண்டு மாசம், பற்றிக்," என்றார். "அதுக்குள்ள குழியை மூடிப் போடுவம். நீர் பெரிசா ஒண்டும் செய்ய வேண்டாம். தண்ணி தெளிவா வந்தாச் சரி."

தெளிவாக வரச்செய்தேன். மூன்று சீமெந்துத் தொட்டிகள் கட்டினோம். முதலாவதில் சிப்பிச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிக் கலக்குவோம். புளிப்பு முறியும், செம்பு நீலக் களியாகி அடியில் படியும். இரண்டாவதில் தெளியும். மூன்றாவதில் மணலுக்குள்ளால் வடிந்து, கிராமத்து எல்லையில் இருந்த குழாய்க்குப் போகும். அந்தத் தண்ணீரை ஒரு கிளாசில் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தால் கிளாஸ் வெறுமையாக இருப்பது போலத்தான் தெரியும். நான் பலமுறை அப்படிப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

ஆனால் யாரும் குடிக்கவில்லை. பெண்கள் குழாயைக் கடந்து, குடங்களைத் தூக்கிக்கொண்டு மூன்று மைல் நடந்து ஆற்றுக்குப் போனார்கள். குழாயடியில் ஆடுகள்கூட நிற்கவில்லை.

ஸைனுலாப்தீன் திரும்பி வந்தபோது கவலைப்பட்டார். "சனம் குடிக்காத தண்ணிக்கு நான் எப்படி அனுமதியை விட்டு வைக்கிறது, மிஸ்டர் பற்றிக்? பன்னிரண்டாம் பந்தியைப் பாருங்க. 'பாவனையாளர் ஏற்றுக்கொண்டனரா' எண்டு கேட்டிருக்கு."

கனகரத்தினம் அன்றைக்கே ஒரு யோசனை சொன்னார். ஊரில் நல்ல பலசாலி ஒருவனைப் பிடித்து, எல்லோருக்கும் முன்னால் குடிக்க வைக்க வேண்டும். நான் மறுத்தேன். பலசாலி குடித்தால் என்ன தெரியும்? அவன் கல்லைத் தின்றாலும் நிற்பான். சனத்துக்கு நம்பிக்கை வர வேண்டுமென்றால் மிகவும் பலவீனமான வயிறு வேண்டும். இது என்னுடைய யோசனை. இதில் வேறு யாருக்கும் பங்கில்லை.

விளாத்திச்சேனையில் அப்படியொரு வயிறு இருந்தது. அது குலசிங்கம் என்பவருடையது. முப்பத்துநாலு வயது, மெலிந்த உடம்பு, சோளமும் கத்தரியும் பயிர் செய்கிற மனிதர். கறி ஒரு மணித்தியாலம் பழசாகிவிட்டால் அவருக்குத் தெரிந்துவிடும். உடனே வேலியோரம் போய்விடுவார். ஊரார் அதைப் பயன்படுத்திக்கொள்ளப் பழகியிருந்தார்கள். மீன் பழுதோ என்று சந்தேகம் வந்தால் ஒரு துண்டு பொரித்துக் குலசிங்கத்துக்கு அனுப்புவார்கள். அரை மணித்தியாலம் காத்திருப்பார்கள். "குலசிங்கத்துக்கு நிண்டுதோ?" என்று கேட்டுவிட்டுத்தான் மிச்சத்தை அடுப்பில் வைப்பார்கள். கோயில் பொங்கலுக்குக்கூட அப்படித்தான்.

நான் போய்க் கேட்டபோது அவர் கூச்சப்பட்டார். "என்ர வயிறு ஒண்டுக்கும் உதவாது எண்டுதான் ஐயா அப்பு ஏசுறவர்," என்றார். "அதுக்கு ஒரு உத்தியோகம் வரும் எண்டு ஆர் கண்டது?"

உத்தியோகக் கடிதத்தை நானே தட்டச்சுச் செய்தேன். "நீர் அருந்துநர் (தற்காலிகம்)." அவர் அதைப் பொலித்தீன் உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

குறித்த நாளுக்கு முதல் நாள் காலை ஒத்திகை பார்த்தோம். மூன்றாவது தொட்டித் தண்ணீரில் அரைக் கிளாஸ் கொடுத்தேன். குடித்தார். சிரித்தார். பிறகு பம்ப் கொட்டகைக்குப் பின்னால் போய் முழுவதையும் வாந்தியெடுத்தார்.

"பயத்திலதான்," என்றேன். "வெறும் வயித்தோட வந்திருப்பீர்."

"ஓம் ஐயா. விடியத் தேத்தண்ணியும் குடிக்கேல்ல," என்று அவர் உடனே ஒத்துக்கொண்டார்.

வெள்ளிவரை அங்கேயே தங்குவதால், திங்கட்கிழமைகளில் நான் குடிக்க வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஒரு கானில் கொண்டுபோவது வழக்கம். ஓர்ஸ் ஹில்லில் எங்கள் கிணறு இனிப்பானது. அக்கம்பக்கத்தார் வந்து அள்ளுவார்கள். ஐவி ஒருமுறை கேட்டாள், "தண்ணி செய்யிற இடத்தில குடிக்கத் தண்ணி இல்லையே?" என்று. "செய்யிற இடம் எண்டபடியாத்தான்," என்றேன். அவள் பகிடி என்று நினைத்துச் சிரித்தாள்.

அடுத்த நாள் மேசைக்கு வெள்ளை விரிப்பு விரித்து, கண்ணாடிச் சாடியில் அந்தக் கான் தண்ணீரை ஊற்றி வைத்தேன். குலசிங்கம் தோய்ந்து, திருநீறு பூசி, சலவை வேட்டியோடு வந்தார். ஊர் முழுக்கக் கூடி நின்றது. ஒரு கிளாஸ் நிறையக் குடித்தார். அரை மணித்தியாலம் கதிரையில் இருத்தி வைத்தோம். நாற்பத்துமூன்று குடும்பமும் அவருடைய வயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றன. ஒன்றும் நடக்கவில்லை. யாரோ கைதட்டினார்கள். ஸைனுலாப்தீன் பன்னிரண்டாம் பந்தியில் "ஆம்" என்று எழுதினார். அன்று பின்னேரமே குழாயடியில் குடங்கள் வரிசையில் நின்றன.

அது ஏமாற்று என்று நீங்கள் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அவருடைய வயிற்றின் மேல் எனக்கு இரக்கம் இருந்தது.

முதல் மாத முடிவில் இன்னொரு சோதனை செய்தேன். அதைச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை, பழக்கதோஷம். குப்பிக்குள் துத்தநாகத் துண்டும் அமிலமும் போட்டு, வாயில் மருந்து தோய்த்த கடதாசியைக் கட்ட வேண்டும். தண்ணீரில் ஆசனிக் இருந்தால் கடதாசி மஞ்சளாகும்; கூடுதலாக இருந்தால் கபில நிறமாகும். நாட்டு வைத்தியர்கள் பாஷாணம் என்று சொல்வது அதைத்தான். நிறமில்லை, மணமில்லை. என் சுண்ணாம்புக்கு அதில் ஒரு பகுதிதான் அகப்பட்டது. மிச்சம் மூன்றாவது தொட்டியையும் தாண்டி, தெளிந்த தண்ணீரோடு தெளிவாகப் போய்க்கொண்டிருந்தது. கடதாசி நன்றாக வறுத்த கோப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்தது.

ஸைனுலாப்தீனின் படிவத்தில் புளிப்புக்கு ஒரு நிரல் இருந்தது. செம்புக்கு ஒன்று, இரும்புக்கு ஒன்று, நிறத்துக்கு ஒன்று, மணத்துக்கு ஒன்று. ஆசனிக்குக்கு நிரல் இல்லை. நான் அடிமட்டம் வைத்துப் பென்சிலால் ஒரு நிரல் கீறினேன். கீறிப் பார்த்தபோது ஓரம் ஒடுங்கி அசிங்கமாக இருந்தது. படிவத்தைக் கனகரத்தினத்திடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

அவர் கடதாசியையும் பார்த்தார், நிரலையும் பார்த்தார். "அரசாங்கம் கேக்காததுக்கு நாங்கள் ஏன் மறுமொழி சொல்ல வேணும்?" என்றார். "அதோட, இன்னும் ரெண்டு மாசம்தானே?"

நியாயமான பேச்சு. இரண்டு மாதத்தில் யாருக்கும் ஒன்றும் வராது. நான் பென்சில் கோட்டை அழித்துவிட்டேன். அடையாளம் தெரியாமல் அழித்தேன்.

இரண்டு மாதம் முடிந்தபோது குழி மூடப்படவில்லை. அனுமதி இன்னொரு தொண்ணூறு நாளுக்கு நீடிக்கப்பட்டது. பிறகு இன்னொன்று. இப்படிப் பதினாறு முறை. ஒவ்வொரு முறையும் இன்னும் மூன்று மாதம்தான். மூன்று மாதத்துக்கு என்று ஒரு விஷயத்தைப் பொறுத்துக்கொள்ளாத மனிதன் உண்டா? நாலு வருடம் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நான் ஒப்புக்கொண்டிருக்கவே மாட்டேன்.

ஒவ்வொரு நீடிப்புக்கும் மேசை, வெள்ளை விரிப்பு, சாடி, குலசிங்கம். நாள் போகப் போக அது ஒரு திருவிழா மாதிரி ஆயிற்று. வடை சுட்டு விற்றார்கள். குலசிங்கம் முதல் நாள் விரதம் இருந்தார். கிளாஸை வெயிலுக்கு நேரே தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி எல்லோருக்கும் காட்டிவிட்டுக் குடிக்கப் பழகியிருந்தார். எனக்கே சில வேளை கண் கலங்கும்.

ஒருநாள் மட்டும் கேட்டார். "ஐயா, இஞ்ச தாற தண்ணி இனிக்குது. எங்கட குழாயில வாறது இனிக்கேல்லையே?"

"இரும்புக் குழாய்தானே, குலசிங்கம். அதின்ர குணம்."

"அதுதானே பாத்தன்," என்றார். நான் சொல்வதைக் கேட்டுத் திருப்திப்படும் மனிதர்.

தானே குடித்துக் காட்டுகிறவர் வீட்டில் வேறு தண்ணீர் இருக்கக்கூடாது என்று, ஊரில் முதன்முதலாகக் குழாய்த் தண்ணீருக்கு மாறியது அவர் வீடுதான். அன்றிலிருந்து அவருடைய வயிறு அவரை விடவில்லை. ஆனால் மேசைக்கு முன்னால் நின்று குடித்த தண்ணீர் தங்கிய வயிறு அல்லவா? தண்ணீரில் குறை இருக்க முடியாது என்று அவருக்கு நிச்சயம். ஆகவே சாப்பாட்டில் தேடினார். முதலில் கத்தரிக்காயை விட்டார். "கத்தரிக்காயாத்தான் இருக்கும்," என்று நானும் சொன்னேன். பிறகு கருவாடு. பிறகு தூள், புளி, தேங்காய்ப்பால். ஒவ்வொன்றையும் விட்டுவிட்டு என்னிடம் வந்து சொல்வார். நான் யோசித்துவிட்டு ஆமோதிப்பேன். மூன்றாவது வருட முடிவில் அவர் சோறும் கீரையும் மட்டும் தின்று, தண்ணீரைத்தான் கூடுதலாகக் குடித்தார். தண்ணீர் குடலைக் கழுவும் என்று அவருக்கு நம்பிக்கை. அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. மறுக்கவும் இல்லை.

அந்தக் காலத்தில் ஊராரின் உள்ளங்கைகள் தடிக்கத் தொடங்கின. மழைத்துளி விழுந்தது போல உடம்பில் கரும்புள்ளிகள். மண்வெட்டி பிடிப்பதால் என்றார்கள் சிலர். வெயில் என்றார்கள் சிலர். ஆறு பேர் இறந்தார்கள். நாலு பேர் கிழடுகள். இதையெல்லாம் நான் ஒளிக்கவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை.

கேட்டவள் ஒருத்திதான். குலசிங்கத்தின் மனைவி கமலேஸ்வரி. சோதனைக் கூடத்து வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"ஐயா, நீங்கள் ஏன் எங்கட தண்ணியைக் குடிக்கிறேல்லை?"

"ஆர் சொன்னது?"

"நான் பாத்தனான். திங்கக்கிழமை கான் நிறையக் கொண்டு வாறியள். வெள்ளிக்கிழமை வெறுங்கானாக் கொண்டு போறியள்."

நான் அவசரப்படவில்லை. "அது நேர்த்திக்கடன், தங்கச்சி," என்றேன். "அந்தோனியாருக்கு. என்ர வீட்டுக் கிணத்துத் தண்ணியைத் தவிர வேற குடிக்கிறேல்லை எண்டு."

அவள் பக்தியுள்ள பெண். வெருகல் முருகனுக்கு வருடா வருடம் தீ மிதிக்கிறவள். நேர்த்தி என்றதும் முகம் மாறிவிட்டது. சந்தேகப்பட்டதற்காக வெட்கப்பட்டாள். பிறகு, "அப்ப அது நேர்த்தித் தண்ணி," என்றாள். "என்ர பிள்ளைக்கு ஒரு போத்தில் தருவியளே? அவளுக்குக் கால் விறைக்குது. சாப்பாடு நிக்கிறேல்லை."

பிள்ளையின் பெயர் தங்கேஸ்வரி. ஏழு வயது. தகப்பனுடைய வயிறுதான் அவளுக்கும். மறுக்க எனக்கு மனம் வரவில்லை. கிழமைக்கு இரண்டு போத்தல் கொடுத்தேன். அதை மட்டும்தான் குடிக்க வேண்டும் என்றும் சொன்னேன். இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

பிள்ளை தேறினாள். அதுதான் சிக்கலாகிப்போனது.

ஐந்து மாதத்தில் கன்னம் வைத்தது. ஓடத் தொடங்கினாள். பதினாறாவது நீடிப்புக்கு ஸைனுலாப்தீன் வந்திருந்தபோது, அவள் மேசையைச் சுற்றி ஓடி விரிப்பை இழுத்துவிட்டாள். அவர் படிவத்திலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தார். மற்றப் பிள்ளைகள் வேலியோரம் சோர்ந்து குந்தியிருந்ததையும் பார்த்தார்.

"இந்தப் பிள்ளை மட்டும் நல்லா இருக்காளே," என்றார். "என்ன குடுக்கிறீங்க, தங்கச்சி?"

கமலேஸ்வரி வாயைத் திறந்தாள். "முருங்கையிலை," என்றேன் நான்.

"நல்ல விஷயம்," என்று அவர் தம்முடைய கொப்பியில் எழுதிக்கொண்டார். ஆனால் போகும்போது திரும்பவும் ஒருமுறை பிள்ளையைப் பார்த்தார்.

அந்தக் கிழமை முழுவதும் யோசித்தேன். நாற்பத்துமூன்று குடும்பத்தில் ஒரு பிள்ளை தேறுவது சந்தோஷம்தான். ஆனால் ஒரு பிள்ளை மட்டும் தேறுவது ஒரு பரிசோதனையின் முடிவு. அதை வாசிக்க ஸைனுலாப்தீனுக்குத் தெரியும்; இல்லாவிட்டால் அவருக்கு அடுத்து வருகிறவருக்குத் தெரியும். எல்லாக் குடும்பத்துக்கும் ஓர்ஸ் ஹில்லிலிருந்து தண்ணீர் கொண்டுபோக லாஞ்சில் இடமில்லை. உண்மையைச் சொல்வதையும் யோசித்தேன். சொன்னால் பதினாறு நீடிப்பும் பொய்யென்று ஆகும். குலசிங்கத்தின் மானம் போகும். போத்தலை நிறுத்தலாம். நிறுத்தினால் ஏன் என்று கமலேஸ்வரி கேட்பாள், மனம் நோவாள். யாருடைய மனமும் நோகாத வழி ஒன்றுதான் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை முதல் போத்தல்களை மூன்றாவது தொட்டியில் நிரப்பினேன். சுண்ணாம்பு ருசி தெரியாமலிருக்க ஒரு பகல் முழுக்கத் தெளிய வைத்து, துணியில் வடித்து, கொஞ்சம் வெட்டிவேர் போட்டேன். முன்பு கொடுத்த அதே போத்தல்கள், அதே நாட்கள். கமலேஸ்வரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனாள். "இப்ப வாசமும் வருது ஐயா," என்றாள்.

பதினொரு கிழமை. முதலில் கால் விறைத்தது. பிறகு எழும்ப ஏலாமல் போயிற்று. வாந்தி நிற்காமல் போனபோது உழவு மெசின் பெட்டியில் வைக்கோல் பரப்பி, பிள்ளையைக் கிடத்தி, மூதூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வெளிக்கிட்டார்கள். பாதி வழியில் முடிந்துவிட்டது. வழியில் தண்ணீர் கேட்டாளாம். கமலேஸ்வரி என் போத்தலைத்தான் கொடுத்தாளாம். "மிச்சம் வைக்காமக் குடிச்சவள் ஐயா," என்று செத்தவீட்டில் என்னிடம் சொன்னாள். நன்றி சொல்லும் குரலில்தான் சொன்னாள். நான் ஒரு மலர் வளையம் கொண்டுபோயிருந்தேன்.

ஒன்பது நாள் கழித்துப் பதினேழாவது நீடிப்பு. தள்ளிவைக்கலாமா என்று கனகரத்தினத்திடம் கேட்டேன். அனுமதி முடிகிற திகதி துக்கம் பார்க்காது என்றார். வழமை போல விரிப்பை விரித்து, சாடியில் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி வைத்துவிட்டு, ஸைனுலாப்தீனைக் கூட்டிவரப் பலகையடிக்குப் போனேன். திரும்பி வந்தபோது ஊர் கூடியிருந்தது. குலசிங்கம் மட்டும் மேசையடிக்கு வராமல் தூரத்தில் நின்றார். தாடி வளர்ந்திருந்தது.

"ஐயா, எனக்குத் துடக்கு," என்றார். "பிள்ளையின்ர முப்பத்தொண்டாம் நாள் முடியேல்ல. நல்ல காரியத்தில கை வைக்க ஏலாது. இண்டைக்கு எனக்குப் பதிலா நீங்கள் குடியுங்கோ."

ஸைனுலாப்தீன் அதை மெச்சினார். "அதுதான் முறை. செஞ்சவரே குடிக்கட்டும்."

எனக்கு ஒரு தயக்கமும் இருக்கவில்லை. நான் ஊற்றி வைத்த சாடி, என் கிணற்றுத் தண்ணீர். கிளாஸை நிரப்பி, குலசிங்கம் செய்வது போல வெயிலுக்கு நேரே தூக்கிக் காட்டினேன். பிறகு வாயில் ஊற்றினேன்.

நடந்தது என்னவென்று பிறகுதான் தெரிந்தது. கனகரத்தினம் வெயிலில் களைத்து வந்திருக்கிறார். அந்தச் சாடியில் இருப்பது நல்ல தண்ணீர் என்று அவருக்குத் தெரியும். முழுவதையும் குடித்துவிட்டார். வெறுஞ்சாடியை வைத்துவிட்டுப் போவது அழகில்லை என்று பியோனைக் கூப்பிட்டுக் குழாயில் நிரப்பச் சொல்லியிருக்கிறார். "குலசிங்கம்தானே குடிக்கப் போறார் எண்டு நினைச்சன்," என்றார்.

நாக்கில் பட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. முப்பது வருடமாகத் தண்ணீர் பார்க்கும் நாக்கு. நான் துப்பினேன். வெள்ளை விரிப்பின்மேல், ஸைனுலாப்தீனின் படிவத்தின்மேல். வாயைத் துடைத்தேன். திரும்பவும் துப்பினேன்.

குலசிங்கத்துக்குத்தான் முதலில் இரக்கம் வந்தது. "ஐயாவுக்குப் புரைக்கேறிப் போச்சு," என்றார். துடக்கையும் மறந்து மேசையடிக்கு வந்து, கிளாஸை நிரப்பி என்னிடம் நீட்டினார். "ஆறுதலாக் குடியுங்கோ ஐயா. சனத்தைப் பாத்தா முதல்ல பயமாத்தான் இருக்கும்."

நான் வாங்கவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றார். பிறகு கிளாஸை முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார்.

"இது எங்கட குழாய்த் தண்ணி," என்றார் மெதுவாக. "அப்ப இவ்வளவு காலமும் நான் இஞ்ச நிண்டு குடிச்சது எது, ஐயா?"

அவருக்கு மறுமொழி சொல்வதற்கு முன் வேலியடியிலிருந்து கமலேஸ்வரி கேட்டாள். சத்தம் போடவில்லை. "அப்ப நீங்கள் போத்தில்ல தந்தது?"

நேரே கேட்டால் நான் பொய் சொல்கிறவன் அல்ல. "முதல்ல என்ர கிணத்துத் தண்ணி, தங்கச்சி," என்றேன். "கடைசிப் பதினொரு கிழமையும் இந்தத் தண்ணி. அதில பாஷாணம் இருக்கு. நாலு வருஷமா எனக்குத் தெரியும்."

ஸைனுலாப்தீன் பேனையை மூடி மேசையில் வைத்தார். கனகரத்தினத்தின் ஜீப் புறப்படும் சத்தம் கேட்டது. குலசிங்கம் நின்ற இடத்திலேயே நிலத்தில் உட்கார்ந்தார்; மடியிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து, உறையோடு, என் காலடியில் வைத்தார். கமலேஸ்வரி மேசைக்கு வந்து சாடியை எடுத்து எனக்கு முன்னால் வைத்தாள்.

"குடியுங்கோ," என்றாள்.

யாரும் என்னை அடிக்கவில்லை. அதைப் பதிந்துகொள்ளுங்கள். ஊர் முழுக்க என்னைச் சுற்றி மண்ணில் உட்கார்ந்துகொண்டது. கிழடுகள், பிள்ளைகள், எல்லோரும். நான் குடிப்பதற்காகக் காத்திருந்தார்கள். பொலிஸ் வருவதற்கு நாலு மணித்தியாலம் ஆனது. நல்ல வெயில். தாகத்தில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நான் குடிக்கவில்லை. குடித்திருந்தால் யாருக்கு என்ன பிரயோசனம்?

என் வாக்குமூலம் இவ்வளவுதான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதற்கு முன் ஒரு முறைப்பாட்டையும் பதிய வேண்டும். அன்றைக்கு என் வாயில் போனது ஒரு மிடறு, துப்பியும் விட்டேன், என்றாலும் கொஞ்சம் உள்ளே இறங்கியிருக்கும். இந்த விளக்கடிக்கு வாருங்கள், ஐயா. என் உள்ளங்கையைப் பாருங்கள், பெருவிரலுக்குக் கீழே. ஒரு புள்ளி தெரிகிறதல்லவா? தெரிந்துகொண்டே ஒரு மனிதனுக்கு இப்படித் தண்ணீர் வைக்கிறவர்களைச் சட்டம் சும்மா விடுமா?